பத்து நாள் மௌனம்

"பச்சப் பொடவ அத்தே."

"ஊதாடி. நான் அப்பவே பாத்திருக்கேன்."

"பச்ச. ஓரத்துல ஜரிகை..."

"ஜரிகையும் இல்ல ஒண்ணும் இல்ல. பூக்காரி ஏதுடி ஜரிகைக்குப் போவா? ஊதாப் பொடவ, கழுத்து வரைக்கும் மூடின..."

"ஜாக்கெட்டுதான் ஊதா. பொடவ பச்ச. ரயில் ஏறும்போது காத்துல..."

"காத்துல பறந்தா கலர் மாறிடுமா?"

"கறுப்பு வெள்ளப் படத்துல உங்க ரெண்டு பேருக்கு மட்டும் கலர் எங்கேந்து கெடச்சுது?" என்றபடி அப்துல் ஹமீத் பாய் டிவியை அணைத்தார். "எனக்கு எல்லாம் சாம்பலாத்தான் தெரிஞ்சுது."

எங்கள் வீட்டில் சண்டை என்றால் இவ்வளவுதான். எண்பத்தேழாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆம்பூரில் எங்கள் எதிர்வீட்டுப் பாயின் கூடத்தில் நடந்தது. டிவியில் 'மைக் மங்களம்' போட்டிருந்தார்கள். ஐம்பத்து மூன்றில் வந்த படம். மங்களம் ஒரு பூக்காரி. கச்சேரி பாட வேண்டிய பாகவதர் வந்து சேரவில்லை. மாலை கொடுக்க மேடை ஏறியவள், மைக் போட்டிருப்பது தெரியாமல் தன்பாட்டுக்குப் பாடிவிடுகிறாள். நாலு தெருவுக்குக் கேட்டுவிடுகிறது. மறுநாள் ஊரெல்லாம் அவள் பேர். மைக்செட்காரன் அவளுக்கு எழுதிய காதல் கடிதம் பாகவதர் கையில் போய்ச் சேர்ந்து அரை மணி நேரம் ஒரே சிரிப்பு. கடைசியில் மங்களத்துக்குப் புகழும் கிடைக்கும், மாப்பிள்ளையும் கிடைப்பான்.

நல்ல படம்தான். எனக்கு அதில் ஒரே ஒரு குறை. மங்களம் மெட்ராசுக்கு ரயில் ஏறும்போது ஊரே கையசைக்கிறது. அவளுக்குச் சோறு போட்டு வளர்த்தவர்கள் யாராவது அந்தக் கூட்டத்தில் நிற்கிறார்களா என்று ஒவ்வொரு தடவையும் தேடுவேன். காட்டவே மாட்டார்கள்.

அந்தச் சண்டையில் பச்சை என்று நின்ற கிரேஸி பேசியதை நான் எழுதியிருக்கிறேனே தவிர, நீங்கள் அங்கே இருந்திருந்தால் பாதிதான் கேட்டிருக்கும். அவள் பேசினால் காற்று மட்டும்தான் வரும். பதிமூன்று வருஷமாக அப்படித்தான். பக்கத்தில் காதைக் கொண்டுபோனால் வார்த்தை புரியும். எனக்கு மட்டும் தூரத்திலிருந்தே புரியும், பழக்கம்.

இதை என்னிடம் யாரும் விசாரிக்கவில்லை. போலீஸ் கேட்கிற விஷயமும் இல்லை. நானாகத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் ஜெயபுஷ்பம். கிரேஸி என் தம்பி மோசஸின் மகள். அவளைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது, ஒரு இடத்தில் பேசி முடித்திருந்தார்கள். குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. நான் பார்த்தேன். அந்த இடம் வேறு பெண்ணுக்குப் போயிற்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்த வரிசையில் சொல்கிறேன்.

மிஷன் ஆஸ்பத்திரியில் தொண்டைப் பிரிவில் எனக்கு அட்டெண்டர் வேலை. சிறுவயதில் மிஷன் ஹாஸ்டலில் வளர்ந்ததால் இங்கிலீஷ் நன்றாக வரும். எங்கள் டாக்டரம்மா வெளிநாட்டுக்காரர். தமிழில் 'வாயைத் திற', 'வலிக்குதா' என்ற இரண்டைத் தவிர அவருக்கு எதுவும் தெரியாது. அவர் சொல்வதை நான் தமிழில் சொல்வேன். வாணியம்பாடி, ஆலங்காயம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் சொல்வதை அவருக்கு இங்கிலீஷில் சொல்வேன். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, என் வாய் வழியாகத்தான் போகும். என் சர்வீஸில் ஒரு வார்த்தை கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, ஒரு நாளைத் தவிர.

எழுபத்து நாலில் அந்தப் படத்தை ஆம்பூரில் மறுபடி போட்டார்கள். பழைய படமாயிற்றே, ஒரு வாரம் தாங்காது என்றார்கள். ஒரு மாதம் ஓடியது. கிரேஸிக்கு அப்போது இருபது வயது. மோசஸ் வேலை செய்த டேனரியிலேயே, தோலுக்குச் சாயம் அடிக்கிற செக்‌ஷனில் அவளையும் சேர்த்துவிட்டிருந்தான். சாயங்காலம் கைகால் கழுவிக்கொண்டு நேரே தியேட்டருக்குப் போய்விடுவாள். ஒன்பது தடவை பார்த்தாள். சர்ச் பாடகர் குழுவில் எனக்குப் பின்வரிசையில் நின்று பாடுகிற பெண்தான். நான் ஆல்டோ என்கிற தணிந்த குரல், முன்வரிசை.

கடைசி ஞாயிறு தியேட்டரில் பாட்டுப் போட்டி வைத்தார்கள். மைக்செட் அப்துல் ஹமீத் பாயுடையது. கிரேஸி மேடையேறியதும் அவர் ஒரு வேலை செய்தார். வெளியே இருந்த குழாய் ஸ்பீக்கரை பஜார் பக்கம் திருப்பிவிட்டார்.

"படத்துல நடந்தது நம்மூர்லயும் நடக்குதான்னு பாத்தேன்கா," என்றார் பிறகு. "நடந்துடுச்சு."

நடந்துதான் விட்டது. பஜாரில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்களாம். மறுநாள் டேனரி வாசலில் ஆட்கள் கூடி 'மங்களம் வர்றா' என்று வழிவிட்டார்கள். அடுத்த வாரம் சர்ச்சில் கிறிஸ்துமஸ் தனிப்பாட்டு அவளுக்கு என்று முடிவாயிற்று. அதுவரை அது என்னுடையது. போட்டிக்கு நடுவராக மெட்ராசிலிருந்து ஓர் இசைக்குழு ஆள் வந்திருந்தார், சுந்தர்ராஜ் என்று. மூன்றாவது வாரம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. புதுப்படம் ஒன்றுக்குப் புதுக்குரல் தேடுகிறார்கள், டிசம்பர் இரண்டாம் தேதி ஸ்டுடியோவுக்கு வந்து பாடிக்காட்ட வேண்டும் என்று.

மோசஸ் அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தான் என்று தெரியாது. மடித்த இடமெல்லாம் கிழிந்துவிட்டது.

"அக்கா, நம்ம பொண்ணு ரேடியோல வருவா."

"வரட்டும். அப்புறம்?"

"அப்புறம் இன்னா அப்புறம்? அங்கயே தங்கணும். பொண்ண தனியா வுட முடியுமா? நானும் போய் இருந்துக்கலாம்னு பாக்குறேன். டேனரி வேல போதும், நெஞ்செல்லாம் நெடி."

"நானு?"

அவன் யோசித்தான். முதல் தடவையாக அப்போதுதான் யோசித்தான் என்று நினைக்கிறேன்.

"உனக்கு ஆஸ்பத்திரி வேல இருக்கே அக்கா."

நியாயமான பதில். இரண்டு பேருக்கும் சாப்பாடு போட்டேன். சினிமா என்பது வயசுப்பெண்ணுக்கு எப்படிப்பட்ட இடம் என்று அன்றைக்குத்தான் தீவிரமாக யோசிக்க ஆரம்பித்தேன். நான் செய்ததற்கெல்லாம் காரணம் அதுதான்.

கிரேஸி விடாமல் சாதகம் செய்தாள். பகலில் சாய நெடி, சாயங்காலம் மூன்று மணி நேரம் பாட்டு. நவம்பர் நடுவில் தொண்டை கட்டிக்கொண்டது. பயந்துபோய் அழுதாள். நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா தொண்டைக்குள் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை, குரல் நரம்பு கொஞ்சம் வீங்கியிருக்கிறது. பத்து நாள் முழு மௌனம். கிசுகிசுவென்று பேசவே கூடாது, அது சத்தமாகப் பேசுவதைவிடக் கெடுதல். ஆவி பிடிக்க வேண்டும். பத்து நாள் கழித்து எப்போதும்போலப் பேசலாம், பாடலாம், மெட்ராசுக்கும் போகலாம்.

கிரேஸி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வருகிற எல்லோரும் டாக்டரை விட்டுவிட்டு என் வாயைத்தான் பார்ப்பார்கள்.

"கட்டி இருக்குதாம்," என்றேன்.

"ஐயோ. ஆபரேசனா அத்தே?"

"ஆபரேசன் பண்ணா பேச்சே போய்டுமாம். சாய நெடி உள்ள போய்ப் பண்ணின வேல. இனிமே பாடவே கூடாதாம். சத்தமாவும் பேசக் கூடாது. கிசுகிசுன்னு மட்டும்தான் பேசணும், எப்பவும்."

"எத்தினி நாளைக்கு?"

"எப்பவும்னு சொன்னேனே."

டாக்டரம்மா சிரித்தபடி அவள் தோளைத் தட்டினார். பெரிய பாடகி ஆனால் எங்களை மறந்துவிடாதே என்று சொல்லச் சொன்னார்.

"எதுக்கு சிரிக்கிறாங்க அத்தே?"

"தைரியம் சொல்றாங்க."

புரிந்ததா என்று டாக்டரம்மா கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன். கிரேஸி தலையாட்டினாள். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

எங்கள் ஊரில் இதை நம்பவைக்க நான் கஷ்டப்படவில்லை. பாலாற்றங்கரை நெடுக டேனரி. இருமல் இல்லாத வீடு இல்லை. தோல் வேலைக்குப் போன பெண்ணுக்குத் தொண்டை போய்விட்டது என்றால் ஏன், எப்படி என்று யாரும் கேட்கமாட்டார்கள். 'அப்படியா, பாவம்' என்பார்கள். பாய் மட்டும் கேட்டார்.

"வேற ஒரு டாக்டராண்ட காட்டிப் பாக்கலாமேக்கா. இருபது வயசுப் பொண்ணு."

"பாய், நான் அந்த டாக்டர்கூடவே நாள் முழுக்க நிக்கறேன். எனக்குத் தெரியாததா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குமேல் யார் என்ன பேச முடியும்.

பன்னிரண்டாம் நாள் காலை கிரேஸி சமையலறைக்கு ஓடிவந்தாள். நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அவள் வாயைத் திறந்து ஒரே ஒரு வரி, மங்களம் பாடுகிற முதல் வரி, பாடினாள். மெதுவாகத்தான் பாடினாள். பாத்திரமெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

"வந்துடுச்சு அத்தே," என்றாள், நல்ல குரலில்.

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அவளை உட்காரவைத்தேன்.

"வரும்னு டாக்டரம்மா சொன்னாங்க. கடசியா ஒரு தடவ நல்லா வரும். அத நம்பிப் பாடினா அப்புறம் ரத்தம்தான் வரும்னாங்க. நீ பயந்துடுவன்னு நான்தான் சொல்லல."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்கவில்லை.

அவள் வர முடியாது என்று மெட்ராசுக்குக் கடிதம் நானே எழுதினேன். டாக்டரம்மாவும் விசாரித்தார், உன் பெண் பாடினாளா என்று. நன்றாகப் பாடினாள், பெரிய படம், என்றேன். மிகவும் சந்தோஷப்பட்டார். அடுத்த வருஷம் ஊருக்குத் திரும்பிப் போகும்போது கிரேஸிக்கு ஒரு வாழ்த்து அட்டை எழுதிக் கொடுத்தார். அதை அவளிடம் கொடுக்க வழியில்லை. அடுப்பில் போட்டேன்.

அதற்குப் பிறகு வீடு அமைதியாக இருந்தது. மோசஸ் மெட்ராஸ் பேச்சை எடுக்கவில்லை. கிரேஸி ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிற கம்பெனிக்கு மாறினாள். நூறு மெஷின் ஓடுகிற சத்தத்தில் அங்கே யாருமே பேச முடியாது, அவளுக்கு அது சௌகரியம். கிறிஸ்துமஸ் தனிப்பாட்டு மறுபடி எனக்கு வந்தது. பதிமூன்று வருஷமும் நான்தான் பாடினேன். வீட்டில் துணி துவைக்கும்போதும் பாடுவேன். பாட்டே இல்லாமல் போய்விட்டது என்று அந்த வீட்டில் யாரும் சொல்ல முடியாது. கிரேஸி வாசற்படியில் உட்கார்ந்து கேட்பாள். சில சமயம் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

வாலாஜாபேட்டையில் ஒரு வாத்தியார், கிறிஸ்துராஜ் என்று பெயர், பேச முடியாவிட்டால் பரவாயில்லை என்று பெண் கேட்டு வந்தார். நல்ல பையன். இந்தத் தொண்டை வியாதி பிள்ளைகளுக்கும் வரும் என்று சொன்னேன். வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். இன்னொருத்தர் வீட்டில் போய் அவள் கஷ்டப்பட வேண்டாம் என்றுதான்.

மோசஸ் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. டேனரியில் சேர்த்துவிட்டது தான்தானே என்பது அவனை அரித்துவிட்டது. சாய செக்‌ஷன் வழியாக நடக்கமாட்டான், சுற்றிக்கொண்டு போவான். எண்பதில் நெஞ்சு அடைத்துப் படுத்துவிட்டான். கடைசி வாரம் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அதையே சொன்னான்.

"நான்தாம்மா உன் தொண்டயக் கெடுத்தேன். அந்த நெடில உன்ன நிக்கவெச்சேன். அப்பாவ மன்னிச்சுடும்மா."

கிரேஸி அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அவனுக்குக் காது மந்தம். காற்று மாதிரி வருகிற பேச்சு அவனுக்குக் கேட்கவில்லை.

"இன்னா சொல்றா அக்கா?" என்று என்னைக் கேட்டான்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்றா," என்றேன். அவள் சொன்னது, 'நீ இன்னாபா பண்ணுவ, நீயா பண்ண' என்று. கிட்டத்தட்ட ஒன்றுதான். அவனுக்குக் கொஞ்சம் மோர் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை போய்ச்சேர்ந்தான்.

இதுவரைக்கும் சொன்னதில் எந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் முதல் நாள் சொல்வது ஒரு வார்த்தை, நூறாவது நாள் சொல்வதென்றால் நூறு நாளுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மோசஸ் போன பிறகு அது என் கையை விட்டுப் போய்விட்டது. எனக்கு இருந்தவள் அவள் ஒருத்தி. காலையில் எழுந்ததும் முதலில் அவள் கட்டிலைத்தான் பார்ப்பேன், இருக்கிறாளா என்று. இருப்பாள். பேசாமல் இருப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டிவியில் மங்களம் பாடும்போது நான் கிரேஸியைப் பார்த்தேன். உதடு அசையவில்லை. தொண்டை அசைந்தது. பாயும் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, கூடவே பாடுறியா?" என்றார்.

கிரேஸி சிரித்து மழுப்பிவிட்டாள். அதனால்தான் நான் புடவைச் சண்டையைக் கிளப்பினேன்.

புதன்கிழமை அவள் கம்பெனிக்கு லீவ் போட்டுவிட்டுத் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். நான் அந்த வருஷம் மார்ச்சில் ரிட்டையர் ஆகியிருந்தேன். நான் இருந்த இடத்தில் யாரும் இல்லை, தேவையும் இல்லை. மத்தியானம் வந்தாள். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"புது டாக்டரு அரக்கோணத்துக்காரரு," என்றாள், அதே காற்றுக் குரலில். "தமிழ்லயே பேசறாரு."

"சாப்பிட்டியா?"

"கட்டி ஒண்ணும் இல்லியாம். இருந்த மாதிரி அடையாளமும் இல்லியாம். வருஷக்கணக்கா கிசுகிசுன்னே பேசினதுல நரம்பு சத்தம் போடறதயே மறந்துடுச்சாம். யாரும்மா உன்ன அப்படிப் பேசச் சொன்னதுன்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"டாக்டரம்மான்னு சொன்னேன். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லமாட்டாங்கன்னாரு."

நான் தண்ணீர் எடுத்துவர எழுந்தேன். அவள் என் முந்தானையைப் பிடித்தாள்.

"அத்தே. அன்னிக்கு டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?"

சொன்னேன். முதலில் அவர் சொன்னபடியே இங்கிலீஷில், பிறகு தமிழில். பத்து நாள் மௌனம், கிசுகிசுக்கக் கூடாது, ஆவி பிடிக்க வேண்டும், மெட்ராசுக்குப் போகலாம். பெரிய பாடகி ஆனால் எங்களை மறந்துவிடாதே என்பது வரைக்கும் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. கட்டி என்று சொன்னதும், ரத்தம் வரும் என்று சொன்னதும், மெட்ராசுக்குக் கடிதம் எழுதியதும், வாத்தியாரைத் திருப்பி அனுப்பியதும் நான்தான் என்றும் சொன்னேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். பிடித்திருந்த முந்தானையை விட்டாள்.

"அப்பாக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமயே போய்ட்டாரு."

"ஆமா."

"இனிமே பாட்டு வருமான்னு கேட்டேன். பேச்சு வரலாம், பாட்டுக்கு உறுதி சொல்ல முடியாதுன்னாரு." சொல்லிவிட்டு, "நான் போய் முப்பத்திமூணு வயசுல அ, ஆன்னு சொல்லிப் பழகணும் அத்தே," என்றாள்.

எழுந்து நாலு புடவையை ஒரு பையில் வைத்தாள். பைபிளை எடுத்து, திரும்ப வைத்துவிட்டாள். அப்பாவின் போட்டோவை ஆணியிலிருந்து கழற்றினாள். நான் சுவரோரமாக நின்றேன். காலைப் பிடிக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன், ஆனால் நான் வளர்த்த பெண். எங்கே போகிறாய் என்று கேட்டேன். போட்டோவைப் பையில் வைத்தாள். சாயங்காலம் போகலாமே, வெயில் ஜாஸ்தியாக இருக்கிறது என்றேன். சாப்பாடு எடுத்துவைத்திருக்கிறேன் என்றேன். நான் கதவை மறிக்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மறித்திருக்க முடியும்.

வெளியே பாய் தன் வேனில் ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றி முடித்து வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். ஏதோ கல்யாணம், வேலூர்ப் பக்கம். கிரேஸி வாசலில் நின்று கையை ஆட்டினாள். அவர் பார்க்கவில்லை. வண்டி நகர ஆரம்பித்தது.

அவள் பையைக் கீழே வைத்தாள். மூச்சை இழுத்து, வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை தகரத்தைத் தரையில் இழுத்ததுபோல ஒரு சத்தம்.

"பாய்... நில்லுங்க பாய்."

வேன் நின்றது. தெருவில் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள். பாய் இறங்கி, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சத்தம் போடாதடி கிரேஸி," என்றேன் நான், "தொண்ட கெட்டுடும்."